இனிகோ போட்ட முடிச்சு

சிவனணைந்தபெருமாள் இறந்தபோது அவருடைய கொடிக்காலில் வெற்றிலை முதல் கிள்ளலுக்கு வந்திருந்தது.

ஆத்தூருக்குக் கிழக்கே வாய்க்காலை ஒட்டிய துண்டு நிலம் அது. தாமிரபரணி ஊருக்குள் புகுந்த மார்கழி வெள்ளத்தில் பழைய கொடிக்கால் மணலுக்கடியில் போய்விட்டது. அறுபதைத் தாண்டிய மனிதர், மணலை அள்ளிக் கரையில் கொட்டிவிட்டு மறுபடியும் அகத்தி விதைத்தார். அகத்தி தலையெடுத்ததும் அதில் கொடியை ஏற்றினார். மறு வருஷம், கொடி தழைத்து வந்த சித்திரையில், ஒரு நாள் காலை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

சாவு வீட்டில் அவர் மனைவி பேச்சித்தாய் அழுததைவிட யோசித்ததுதான் அதிகம். அந்த வெயிலில் கொடிக்கு நாள் தவறாமல் தண்ணீர் வேண்டும். ஆனால் தீட்டுக்காரர்கள் பதினாறு கழியும்வரை கொடிக்காலுக்குள் கால் வைக்க மாட்டார்கள். மற்ற நாளிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குகிற இடம். பங்காளிகள் அத்தனை பேருக்கும் அதே தீட்டு. மற்ற கொடிக்கால்காரர்களும், சாவு வீட்டுக் கொடியைத் தொட்ட கையால் தங்கள் கொடியைத் தொடுவதா என்று தயங்கினார்கள்.

“எல்லாம் காஞ்சு போச்சுன்னா வாழைக்குக் குத்தகைக்கு விட்டுருவோம்மா,” என்றான் மகன் பாண்டியராஜ். தூத்துக்குடியில் கண்டெய்னர் யார்டில் வேலை. “பால்துரை கேட்டுக்கிட்டே இருக்கான். நானும் எத்தன நாளு லீவு போட முடியும், சொல்லு?”

அவன் சொன்னதில் பிசகில்லை. அதுதான் பேச்சித்தாய்க்கு வலித்தது. அந்தத் துண்டு நிலம் போய்விட்டால், அந்த மனிதர் வாழ்ந்தார் என்று சொல்ல வேறென்ன இருக்கிறது? அவர் அதிகம் பேசியதுமில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் விடியுமுன்பே கொடிக்காலுக்குப் போய்விட்டார். பாண்டியராஜ் பிறந்தபோது முழங்கால் சேற்றோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, நர்ஸம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு வெளியே நின்றார். ஆயுள் முழுக்க வெற்றிலை விளைத்தவர் ஒரு வெற்றிலை போட்டதில்லை. நாக்கு எரியுமாம்.

தீட்டு முடியுமுன் தானே இறங்கிவிடலாமா என்றும் நினைத்துப் பார்த்தாள். ஆனால் மாமனார் செத்தபோது பெருமாள் இறங்கவில்லை. தினமும் வரப்பில் நின்று, பாதிக் கொடி கருகுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். ஏன் இப்படி என்று அவள் கேட்டதற்கு, “அப்பாவுக்குன்னு போகட்டும்,” என்றார். அந்த மனிதருக்காக அந்த மனிதரின் முறையை மீறுவது எப்படி?

இந்த யோசனையில் இருந்தபோதுதான் துக்கம் கேட்க இனிகோ வந்தான். புன்னைக்காயல்காரன். பெருமாள் சைக்கிளில் வெற்றிலைக் கட்டுகளை வைத்து அந்த ஊருக்குப் போகத் தொடங்கிய காலத்துப் பழக்கம். மீன்பிடித் தடைக்காலம் ஆனதால் அவன் விசைப்படகு கரையில் கிடந்தது. அவன் சும்மாதான் இருந்தான். அவனுக்கு இவர்கள் தீட்டும் இல்லை, காப்பாற்றச் சொந்தக் கொடியும் இல்லை.

“தண்ணிதான மைனி? நா பாத்துக்கிடுதேன்,” என்றான். “எங்களுக்குத் தண்ணியில என்ன பயம்?”

நான்கைந்து நாள் வந்தான். ஒரு மாலை, கைகால் கழுவிவிட்டு வீட்டுவாசலில் பெருமையோடு நின்றான்.

“தண்ணி மட்டும் இல்ல மைனி. தொங்கிக் கெடந்த கொடி பூரா இழுத்துக் கெட்டிட்டேன். புயலே அடிச்சாலும் அவுறாது.”

“எத வச்சுக் கெட்டுனீக?”

“நம்ம வலை நூலுதான். நைலான்லா, இத்துப் போவாது.”

பேச்சித்தாய் எழுந்துவிட்டாள். கொடியை வாழைநாரால்தான் கட்டுவார்கள், அதுவும் விரல் நுழையும் தளர்வோடு. கொடி அகத்தியைப் பற்றிக்கொண்ட பிறகு நார் தானே இற்று விழும். நைலான், தண்டு பருக்கப் பருக்க அதை அறுத்துவிடும்.

“ஏளா, பதினாறு கழியாம எங்க போற? ஊரு என்ன சொல்லும்?” என்று நாத்தனார் சுடலைமாடத்தி உள்ளேயிருந்து கேட்டாள்.

“வரப்பு வரைக்குந்தான் மைனி. உள்ள போவல.”

வரப்பு அவளுக்குப் புது இடமில்லை. வெற்றிலையை அடுக்கிக் கட்டுவதுதான் அவள் வேலை, அது வீட்டில். சோறு கொண்டு வந்தால் இங்கே நின்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் ஒரு நிரையை முடித்துவிட்டுத்தான் சாப்பிட வருவார்.

இனிகோ உள்ளே இறங்கி ஒரு முடிச்சில் நகத்தை வைத்துப் பார்த்தான். அவிழவில்லை.

“மீன் அறுத்துக்கிட்டுப் போவக் கூடாதுன்னு போட்ட முடிச்சு. லேசுல வருமா?”

“கொடி எங்கயும் ஓடிப் போவாதுண்ணே. மெல்ல அவுருங்க. ஒரு கையால தண்டத் தாங்கிக்கிடுங்க. அவுக பிள்ளைக்குத் தல தொவட்டுத மாதிரி இடது கையப் பொறத்தால குடுப்பாக.”

“எல்லாத்தையும் பாத்து வச்சிருக்கியளே மைனி.”

“வேற என்னத்தப் பாக்க? பேசவா செய்வாக?”

அவன் சிரித்துவிட்டான். “எங்கிட்டப் பேசுவான். ஒரு நாளு படகுல ஏத்தி முகத்துவாரம் வரைக்கும் கூட்டிட்டுப் போனேன். கண்ணத் தெறக்கவே இல்ல. ‘ஏலே, கரை தெரியுதா, கரை தெரியுதா’ன்னு அதே பேச்சு. எறங்குனப்பறம் சொல்லுதான், ‘எம் பொண்டாட்டிட்டச் சொல்லிராத’ன்னு.”

பேச்சித்தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

இருட்டுவதற்குள் பாதிதான் முடிந்தது. மறுநாள் காலையிலும் இருவரும் அங்கேதான் இருந்தார்கள். மேற்கு ஓரத்து நிரையில் இறுக்கிக் கட்டிய நூல் தண்டுக்குள் இறங்கி, அதற்கு மேலே இலை வாடியிருந்தது. இனிகோ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

“கெடுத்துட்டேன் மைனி.”

அந்த நிரையில்தான் இலை பெரிதாக வந்திருந்தது. அவள் வரப்பிலிருந்தே குனிந்து அடித்தண்டைப் பார்த்தாள்.

“கட்டுக்குக் கீழ ஒரு கணு விட்டு வெட்டிருங்க. வேர் நல்லாத்தான் இருக்கு. திரும்பத் துளுக்கும்.”

அவன் வெட்டிக்கொண்டிருந்தபோது வாய்க்கால் கரையில் பைக் வந்து நின்றது. பாண்டியராஜும் பின்னால் குத்தகை கேட்ட பால்துரையும். பால்துரை இறங்காமலே கொடிக்காலை அளந்து பார்த்தான்.

“அகத்திய எடுத்துட்டா வாழைக்கு நல்லா இருக்கும் அத்தை.”

“அகத்தி இருக்கட்டும்,” என்றாள் பேச்சித்தாய். “பதினாறு முடிஞ்சதும் நா எறங்குதேன். ஒனக்கு வேற எடம் பாரு, தம்பி.”

“நீயா?” என்றான் பாண்டியராஜ். “ஒரு கொடி கெட்டிருக்கியாம்மா நீ?”

“இல்ல. அவுகளும் மொதல்ல கெட்டாமத்தான இருந்திருப்பாக.”

பால்துரை பாண்டியராஜைப் பார்த்தான். பாண்டியராஜ் கீழே வெட்டுப்பட்டுக் கிடந்த கொடிகளைப் பார்த்தான். உள்ளே வியர்த்து நின்ற இனிகோவைப் பார்த்தான். பிறகு, “நீ வண்டிய எடுத்துட்டுப் போ, நா பெறவு வாரேன்,” என்று சாவியைப் பால்துரை கையில் கொடுத்தான்.

உள்ளே அவனும் இறங்க முடியாது. கரையோரம் கிடந்த வாழைப்பட்டையை எடுத்து, வாய்க்காலில் நனைத்து, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து நார் கிழிக்கத் தொடங்கினான்.

“இது போதுமா?”

பேச்சித்தாய் வாங்கிப் பார்த்தாள். தடிமனாக இருந்தது. அதை இன்னொரு தடவை கிழித்து, வரப்புக்கு அந்தப் பக்கம் நீண்டிருந்த இனிகோவின் கையில் வைத்தாள்.