வெட்கம் என்றார்கள்

என் முகம் மறுபடி சிவக்கத் தொடங்கியதும், என்னைக் கட்டிக்கொள்ளப் போகும் லஸ்அத்தின் தாய் லல்லா ஜலீலா பூரித்துப்போனார். "அடியம்மா, இங்க பாருங்கடி! இந்தக் காலத்துல இப்படி வெக்கப்படுற பொண்ணு ஸ்ஃபாக்ஸ் முழுக்கத் தேடினாலும் கிடைப்பாளா?" என்று தன் தங்கைகளிடம் காட்டினார். நான் முப்பத்து நான்கு வயதுக் கணக்கு ஆசிரியை. தடிப்பையன்கள் நிறைந்த வகுப்பை ஒரே பார்வையில் அடக்குகிறவள். எனக்கென்ன வெட்கம் வேண்டிக்கிடக்கிறது?

இடது சினைப்பையில் கட்டி. "ரொம்ப அபூர்வமான வகை. அது ரத்தத்துல கலக்குற சுரப்புதாம்மா உன் மூஞ்சியச் சிவக்க வைக்குது," என்றார் டாக்டர். ஒரு வருடமாக வீட்டில் அதைத்தான் லஸ்அத் பேரைச் சொன்னால் வருகிற வெட்கம் என்று கிண்டலடித்தார்கள். நானும் வெட்கங்கெட்டுச் சிரித்தேன். வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. இடது சினைப்பையை எடுத்துவிடுவார்கள். மற்றது நன்றாக இருக்கிறது, குழந்தை பிறக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

அம்மா அதற்குக் குடல்வால் என்று பெயர் வைத்துவிட்டாள். எங்கள் பக்கம் அந்த நோயின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை, நோயாளியிடமே மறைத்துவிடுவார்கள். நான் டாக்டரிடம் தனியாகப் போனதால்தான் எனக்குத் தெரிந்தது. "ஃபாத்திஹா ஓதி நிச்சயம் முடியட்டும் ஹெந்தா. இப்ப வாயத் திறந்தியோ, அப்புறம் என்னைய உசுரோட பாக்க மாட்டே," என்று காலையில் என் காலைப் பிடித்து அழுதாள். பெற்றவள் காலைப் பிடித்தால் என்ன செய்வது? லஸ்அத் அயோக்கியனாக இருந்திருந்தாலாவது பேசாமல் இருந்திருப்பேன். அவன் நல்லவன், அதுதான் தொல்லை. ஃபாத்திஹா ஓதியபின் சொன்னால் அது சொன்னதாகாது, அவனை மாட்டிவிட்டதாகும்.

பக்கத்து அறையில் ஆண்களின் பேச்சு அடங்கியது. ஓதத் தயாராகிறார்கள். லல்லா ஜலீலா என் கன்னத்தைத் தொட்டார்.

"என்னடி தங்கம், அடுப்பா கொதிக்குது?"

அன்பான கை. எனக்குத் தாங்கவில்லை.

"இது வெக்கமில்ல லல்லா. என் வயித்துல..."

அம்மா குலவையிட்டாள். ஃபாத்திஹாவின் முதல் சொல்கூட இன்னும் எழவில்லை. "இந்தப் பொம்பளைக்கு இருக்குற அவசரத்தப் பாரேன்!" என்று ஆண்கள் பக்கம் சிரிப்பு கேட்டது. சித்திகள் சேர்ந்துகொண்டார்கள், பக்கத்து வீட்டுக்காரிகளும் சேர்ந்துகொண்டார்கள். நான் பேசிக்கொண்டேதான் இருந்தேன். எனக்கே கேட்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தபடி, கண்ணீர் வழிய, மூச்சு வாங்கி மறுபடி குலவையிட்டாள். லல்லா ஜலீலா மட்டும் குலவையிடாமல், கன்னத்தில் வைத்த கையை எடுக்காமல், அசையும் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.