இன்ஷாவின் இருபத்தாறு வயது

கணினியில் விண்டோஸ் வைத்திருப்பவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம். அலுவலகத்தில், கல்யாண வீட்டில், சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூட லினக்ஸ் புராணம் பாடியிருக்கிறேன். அந்தத் திமிருக்கு இப்படி ஒரு கூலி கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

என் அண்ணன் அஸ்மத் நானாவின் மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்ததும் நான்தான். நானா பஸ் ஓட்டுகிறவர், ரோவல் ரோட்டில் வீடு. கணினியில் அவருக்கு இருக்கும் வேலை ஒன்றுதான்: கார் பந்தய அணியை நடத்தும் ஒரு விளையாட்டு. அதில் காரை நாம் ஓட்டுவதில்லை. யாரை ஓட்ட விடுவது, டயரை எப்போது மாற்றுவது என்று முதலாளியாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

அணியைத் தொடங்கியவள் அவருடைய ஒரே மகள் இன்ஷா. தொடங்கிய மூன்றாம் மாதமே, பத்தொன்பது வயதில், சாலையைக் கடந்தவளை லாரி அடித்துப் போட்டுவிட்டது. அது ஏழு வருஷத்துக்கு முன்னால். நாற்பது நாள் கழித்து நானா கணினியைத் திறந்து, அணிக்குப் புதிதாக வந்த பத்தொன்பது வயது ஓட்டுநர் ஒருத்திக்கு இன்ஷா என்று பெயர் மாற்றினார்.

அந்த விளையாட்டில் ஒரு சீசனை நாலு நாளில் முடித்துவிடலாம். நானா ஒரு வருஷம் எடுத்துக்கொள்வார். நிஜப் பந்தயம் நடக்கும் ஞாயிறுகளில் மட்டும், அசர் தொழுதுவிட்டு வந்து ஒரே ஒரு பந்தயம். அதனால் திரைக்குள் இருந்த இன்ஷாவுக்கும் வருஷத்துக்கு ஒரு வயதுதான் கூடியது. ஒரு தடவை கால் உடைந்து ஐந்து பந்தயம் ஓட்டவில்லை. பெரிய அணி ஒன்று கூப்பிட்டும் போகவில்லை. இப்போது இருபத்தாறு வயது. முதல் தடவையாகப் புள்ளிப் பட்டியலில் முன்னால் நின்றாள், மூன்று பந்தயம்தான் பாக்கி.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, கணினி அடிக்கடி நின்றுபோகிறது என்று கொண்டுவந்து கொடுத்தார்.

“பழைய வெர்ஷன்லா, அதான் ஹேங் ஆவுது. ஃப்ரெஷ்ஷா இன்ஸ்டால் பண்ணிடலாம் நானா.”

“உள்ள இன்ஷா இருக்கா. பாத்து செய்.”

“பேக்கப் எடுக்காம தொடுவேனா? எனக்கே சொல்றீங்களா?”

“ஞாயித்துக்கிழமை ரேஸ் இருக்கு,” என்றார்.

மறுநாள் காலை, உட்லண்ட்ஸில் என் வீட்டில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். மௌஸால் இழுத்துப் போட்டு நகல் எடுப்பது சின்னப்பிள்ளைகள் வேலை என்பது என் கட்சி. கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டினேன். எல்லாவற்றையும் எடு என்பதற்கு ஒரு நட்சத்திரக் குறி. நகல் முடிந்ததும் டிஸ்க்கைச் சுத்தமாக அழித்துப் புது லினக்ஸை ஏற்றினேன். விளையாட்டைத் திறந்தேன். ‘தொடர்க’ என்ற பொத்தான் மங்கிக் கிடந்தது.

லினக்ஸில் பெயருக்கு முன்னால் புள்ளி இருக்கும் கோப்புறைகள் மறைந்தே இருக்கும். அந்த நட்சத்திரக் குறிக்கும் அவை அகப்படாது. விளையாட்டின் சேமிப்பு அப்படி ஒன்றுக்குள்தான் இருந்தது. முதல் வாரம் படிக்கிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் சங்கதி இது, நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருப்பேன். இணையத்தில் ஒரு நகல் வைக்கவா என்று விளையாட்டு கேட்டபோது வேண்டாம் என்று அழுத்தியதும் நான்தான். நம்ம பொருளை அந்நியன் வீட்டில் எதற்கு வைப்பது என்று நானாவுக்கு அரைமணி நேரம் பாடம் வேறு எடுத்தேன். என் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

அழிந்ததை மீட்கும் மென்பொருள்களை நாள் முழுக்க ஓட்டினேன். ஒன்றும் தேறவில்லை. அப்புறம்தான் அந்தக் கெட்ட யோசனை வந்தது. புது ஆட்டம் ஒன்றைத் தொடங்கி, ஒரு பெண்ணுக்கு இன்ஷா என்று பெயர் வைத்தேன். கோப்பைத் திருத்தி வயதை இருபத்தாறாக்கினேன். நினைவில் இருந்த வெற்றிகளை எல்லாம் எழுதினேன். தெரியாததை இட்டுக்கட்டினேன்.

ஞாயிறு மத்தியானம் கணினியைக் கொண்டுபோய் நானா முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

“எட்டாவது ரேஸ்ல மழை பெஞ்சுச்சு. நாலாவதா வந்தா. இதுல ஏழுன்னு போட்டிருக்கு.”

“அப்டேட்ல ஏதாச்சும் மாறியிருக்கும் நானா.”

அவர் திரையை விட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“ஷாஹித், அன்னிக்கு நான் பஸ்ஸை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தப்ப அவ மவுத்தாகி ஒரு மணி நேரம் ஆயிடுச்சு. நீ வாசல்லயே என்னைப் புடிச்சுக்கிட்டு, உள்ள பாத்துக்கிட்டிருக்காங்க, ஒண்ணும் ஆவாதுன்னு சொன்ன. இதே மூஞ்சியை வச்சுக்கிட்டுத்தான் சொன்ன.”



“போயிடுச்சு நானா.”

“எப்ப?”

“நேத்து காலையில. பத்தரை இருக்கும்.”

“பத்தரைக்கு நான் தேக்கா மார்க்கெட்ல மீனு வாங்கிக்கிட்டிருந்தேன்,” என்றார்.

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கணினியை என் பக்கம் திருப்பினார்.

“இது எம்புள்ள இல்ல. அழிச்சிடு.”

உறுதியாகத்தானா என்று விளையாட்டு இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் ஆமாம் என்று அழுத்தினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.