மணல் மூட்டை ஏறிய ராட்டினம்

சூசைராஜின் கடிதம் சாணார்பட்டிக்கு வந்தபோது பொன்னழகு அதை நின்றுகொண்டேதான் படித்தார். அந்த ஆளின் கையெழுத்தை உட்கார்ந்து படிக்கும் அளவுக்கு அவர் இறங்கிவிடவில்லை. எட்டு வருஷத்துக்கு முன் ஒரே மகள் சிவனம்மாள் அந்த வேதக்காரப் பையனைக் கட்டிக்கொண்டு திருச்சி பொன்மலைக்குப் போனாள். அன்றிலிருந்து அவள் பேச்சை வீட்டில் யாரும் எடுத்ததில்லை. போன ஐப்பசியில் காய்ச்சல் கண்டு அவள் இறந்தாள். தந்தி வந்தது. போனால் மாதாகோயில் வாசலில் போய் நிற்க வேண்டும், அவர் போகவில்லை.

கடிதத்தில் அதிகம் இல்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூட லீவு, சாகும் முன் சிவனம்மாள் கேட்டுக்கொண்டபடி ஒரு வாரம் அனுப்பி வைக்கிறேன், அங்கே அவளுக்குப் பிடித்துப்போனால் இனி ஒவ்வொரு லீவுக்கும் வருவாள், பிடிக்காவிட்டால் நான் வற்புறுத்த மாட்டேன் என்று எழுதியிருந்தான்.

பிள்ளை வந்தது. அஞ்சரை வயசு. சிவனம்மாளின் நெற்றி, சிவனம்மாளின் பிடிவாதம். பெயர்தான் இஞ்ஞாசியம்மாள், சூசைராஜைப் பெற்றவளின் பெயர். பொன்னழகின் குடும்பத்தில் தலைச்சன் பேத்திக்குத் தாத்தாவைப் பெற்றவளின் பெயரை வைப்பதுதான் வழக்கம். அந்த இடத்தில் இந்தப் பெயர் வந்து உட்கார்ந்திருந்தது. அவருடைய நாக்கு அதற்கு வளையவில்லை. "அப்பு" என்று கூப்பிட்டார். ஊரில் எந்தப் பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஆனாலும் அந்த வாரம் வீணாகிவிடக் கூடாது என்பதில் அவர் குறியாக இருந்தார். வண்டிக்காரன் கருப்பணனுக்கு நாலு பிள்ளைகள். அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏலே, அஞ்சு வயசுப் பிள்ளைக்குத் திண்டுக்கல்லு டவுனுல எதைக் காட்டினாத் தோதுப்படும்?"

"மலைக்கோட்டை மேல ஏத்திக் காட்டலாம்யா."

"சித்திரை வெயில்ல பாறை கொதிக்கும். பிள்ளை காலு என்னத்துக்கு ஆகும்?"

"பொருட்காட்சி போட்டிருக்கான். அதுல சர்க்கஸ் இருக்கு."

"சிங்கம் ஒரு சத்தம் போட்டா இது தூக்கத்துல அலறும். வேற சொல்லு."

"கெணத்துக்குள்ள ஒருத்தன் மோட்டார் சைக்கிள் ஓட்டுறான்யா. சுத்திச் சுத்தி செவுத்துலயே ஓட்டுறான்."

"உம் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போ."

"அதுக பாத்தாச்சுய்யா. கடைசிப் பய மூணு நாளா வீட்டுச் செவுத்துல ஏறப் பாத்துக்கிட்டுக் கெடக்கான்."

பொன்னழகு சிரிக்கவில்லை. மறுநாள் தனியாகத் திண்டுக்கல்லுக்குப் போய்ப் பொருட்காட்சி முழுவதையும் ஒரு கல்யாணத்துக்கு இடம் பார்ப்பவர் போலச் சுற்றிப் பார்த்தார். கரண்டில் ஓடும் பெரிய ராட்டினத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று நகர்ந்தார். கண்ணாடி மாளிகையில் முகம் கோணலாகத் தெரிந்தது; பிள்ளை மிரளும். கடைசியில் ஓர் ஓரத்தில் தொட்டில் ராட்டினம் ஒன்றைக் கண்டார். மரத்தால் ஆனது, நாலே தொட்டில், கையால் சுற்றுவது. கம்பிகளை ஆட்டிப் பார்த்தார். ஆணிகளைத் தொட்டுப் பார்த்தார். இதுதான் சரி என்று தோன்றியது.

அவர் தேர்ந்தெடுத்தது சரியான ராட்டினம்தான். அதில் இன்றுவரை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

அதன் பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஒரு தொட்டிலில் மூன்று பிள்ளைகள் முழங்கால் இடிக்க உட்காருவார்கள். எவள் பிள்ளையோ, எந்தத் தெருவோ. வேடிக்கை பார்க்கும் பெண்கள், "இது யாரு பெத்தது?" என்று கேட்பார்கள். பதில் தெரிந்தவள் ஒருத்தியாவது கூட்டத்தில் இருப்பாள். ராட்டினக்காரன் தங்கமுத்துவிடம், "நாளைக்கு நாலு மணிக்கு வாரோம். அந்நேரம் வேற ஒரு பிள்ளையும் ஏறக் கூடாது. மொத்தத்துக்கும் நான் கொடுத்துடுறேன்" என்றார்.

மறுநாள் வண்டியில் போகும்போது பிள்ளையின் வாய் மூடவில்லை. எத்தனை பேர் ஏறுவார்கள், தன் பக்கத்தில் உட்காருகிற பிள்ளைக்கு என்ன பெயர் இருக்கும் என்று கருப்பணனின் முதுகைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே வந்தது.

ராட்டினம் காலியாக நின்றது. சுற்றிலும் பிள்ளைகளும் தாய்மார்களும் நின்றிருந்தார்கள். தங்கமுத்து தலையைச் சொறிந்தான்.

"பெரியவுகளே, ஒத்தப் பிள்ளைய வச்சுச் சுத்துனாச் சமம் நிக்காது. நீங்களாச்சும் எதிர்த் தொட்டில்ல உக்காருங்களேன்."

பிள்ளை அவர் விரலைப் பிடித்து இழுத்தது. "வாங்க தாத்தா! நீங்க மேல போனா நான் கீழ வருவேன்!"

ஊர்ப் பஞ்சாயத்தில் முதல் ஆளாக உட்காருகிறவர், வேட்டி பறக்க ராட்டினத்தில் ஆடுவதா? "வேற வழி பாரு" என்றார்.

தங்கமுத்து மூன்று சாக்குகளில் மணலை அள்ளிக் கட்டி மூன்று தொட்டில்களிலும் வைத்தான். பிள்ளை மூட்டைகளைப் பார்த்தது, வேலிக்கு வெளியே நின்ற பிள்ளைகளைப் பார்த்தது. பிறகு ஏறி உட்கார்ந்தது.

இரண்டு சுற்று ஓடியிருக்கும். எதிர்த் தொட்டிலின் மூட்டை பிள்ளையைவிடக் கனமாகப் போய்விட்டது. அது அடியில் வந்து நின்றுகொண்டது; பிள்ளையின் தொட்டில் உச்சியில் நின்று ஆடியது. தங்கமுத்து இழுத்துப் பார்த்தான், அசையவில்லை.

"செத்த நேரம் பொறுங்க, மணலக் கொறச்சிருறேன்" என்று மூட்டையின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினான்.

மேலே பிள்ளை அழ ஆரம்பித்தது. கம்பியை விட்டு எழுந்திருக்கப் பார்த்தது. கூட்டத்தில் சத்தம் எழுந்தது.

"பெரியவுகளே, பேரச் சொல்லி ஒரு சத்தம் குடுங்க! உங்க குரலக் கேட்டா உக்காந்துக்கிரும்!" என்றான் தங்கமுத்து.

பொன்னழகு வாயைத் திறந்தார். சந்தையில் பார்த்த முகங்கள், நிலத்தில் கூலிக்கு வந்த முகங்கள், பங்காளி வகை முகம் ஒன்று, எல்லாம் அவரையே பார்த்தன. அந்தப் பெயரை இத்தனை பேர் காதில் விழ அவரே சொல்ல வேண்டும்.

"அப்பு..." என்றார். அது அவர் மீசையைத் தாண்டிப் போகவில்லை.

வண்டியடியிலிருந்து கருப்பணன் ஓடி வந்தான். "இஞ்ஞாசி! ஆத்தா இஞ்ஞாசி! இங்க பாரு, மாமனப் பாரு! உக்காரு ஆத்தா!"

பிள்ளை உட்கார்ந்தது. தொட்டில் இறங்கி வந்ததும், கையை நீட்டி நின்ற பொன்னழகைத் தாண்டிப் போய்க் கருப்பணனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

வாரம் முடிந்து சூசைராஜ் வந்தான். வீட்டுக்கு வரவில்லை, திண்டுக்கல் ஸ்டேஷனிலேயே நின்றான். நல்ல பிள்ளைதான் அவன் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தெரிந்து என்ன செய்வது?

"தாத்தா வீடு எப்படி இருந்துச்சு? அடுத்த லீவுக்கு வருவியா?" என்று மகளிடம் கேட்டான்.

பிள்ளை யோசித்தது. குறை சொல்லும் குரலில் அல்ல, தகவல் சொல்லும் குரலில் சொன்னது: "தாத்தாவுக்கு என் பேரே தெரியாதுப்பா."

சூசைராஜ் தலையைக் குனிந்துகொண்டான். பொன்னழகின் முதுகு எப்போதும் போல நிமிர்ந்தே இருந்தது. "தெரியும்" என்று மட்டும் சொன்னார். தெரிந்த பெயரை அப்போதாவது சொல்லியிருக்கலாம். பிளாட்பாரத்தில் ஊர்க்காரர் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

அடுத்த சித்திரையில் கடிதம் வரவில்லை. பொருட்காட்சி மட்டும் வந்தது. பொன்னழகு தபாலாபீசுக்கு நடந்து போய் ஒரு கார்டு வாங்கினார். கவரை நீட்டிய போஸ்ட்மாஸ்டரிடம் அது வேண்டாம் என்றார். ஊரில் ஒரு கார்டு நாலு கை மாறினால் நாலு பேரும் படிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அங்கேயே நின்று, முத்து முத்தான எழுத்தில் விலாசம் எழுதினார். மறுபக்கம் எழுதியது இவ்வளவுதான்: 'தொட்டில் ராட்டினம் வந்திருக்கிறது. எதிர்த் தொட்டிலில் நான் உட்காருகிறேன்.'

போஸ்ட்மாஸ்டர் கார்டை வாங்கி உரக்கப் படித்தார். "இஞ்ஞாசியம்மாள், பொன்மலை. யாருங்க இது?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"இஞ்ஞாசியம்மாள். என் மக சிவனம்மா பெத்த பிள்ளை" என்றார் பொன்னழகு.

தினமும் தபால் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றார்; பதில் வரவில்லை. பொருட்காட்சி முடியும் நாளில் கருப்பணன் வண்டியைப் பூட்டிக் கொண்டுவந்து நிறுத்தினான். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தங்கமுத்து ராட்டினத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். நாலு தொட்டில்களும் தரையில் கவிழ்ந்து கிடந்தன.

பொன்னழகு அவற்றில் ஒன்றை நிமிர்த்தி வைத்தார். பலகையில் ஒட்டியிருந்த மணலைத் துண்டால் துடைத்தார். பிறகு அதே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.