தீவிலிருந்து திரும்பும் படகு

சிறுவயதில் மவுஸால் சுட்டிச் சுட்டி விளையாடிய பழைய கணினி விளையாட்டை, ஹென்ரிகேயும் தெட்லெஃபும் எட்டு வருடம் உழைத்துப் புதிதாக வரைந்திருந்தார்கள். வெளியிடுவதற்கு, அதை முதலில் உருவாக்கிய ஃபோல்க்மார் சம்மதிக்க வேண்டும். லைப்சிக்கில் தன் வீட்டில், இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவரே விளையாடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தில் வேண்டுமென்றே துறைமுகத்துச் சாவியை எடுக்காமல் படகேறினார். பழைய விளையாட்டில் சாவியை மறந்தவன் தீவிலேயே மாட்டிக்கொள்வான். ஹென்ரிகே திரும்பிவர ஒரு வழி வைத்திருந்தாள்.

"அவரு ஆட்டத்துல கை வைக்காதேன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே!" என்று தெட்லெஃப் அவள் காதைக் கடித்தான்.

திரையில் படகு கரைக்குத் திரும்பியது. ஃபோல்க்மாரின் கை அப்படியே நின்றது.

"யாரு வேலை இது?"

"என்னோடதுதான் சார்" என்றாள் ஹென்ரிகே.

"இந்த ஒரு இடத்துக்காக முப்பது வருஷமா ஊரே என்னைத் திட்டுதும்மா. இனிமே எதைச் சொல்லித் திட்டுவாங்க?" என்றவர், சாவியைச் சுட்டி எடுத்துக்கொண்டார். "வெளியிடுங்க. இப்ப பேசாதீங்க, நான் விளையாடணும்."