கசிவன்

குழாய் வேலை செய்யும் அவருக்குக் கசிவன் என்று பெயர் வந்தது மனைவியின் தம்பியால்தான். தம்பி கவிஞன். நீருக்கும் நெருப்புக்கும் காற்றுக்கும் தானே தெய்வங்களைப் படைத்து ஒரு காவியம் எழுதியிருந்தான். ஆற்றரசன், மழையரசி என்று பெரிய தலைகள் பலர். அவர்கள் காலடியில் கசிவன் என்றொரு சில்லறைத் தேவதை. ஓடவும் தெரியாது, நிற்கவும் தெரியாது, மூலைமுடுக்கில் ஒழுகிக்கொண்டிருப்பான். பிள்ளை செத்த அன்று, சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று அருவிக்குப் பின்னால் ஒளிந்து அழுகிறான். மற்ற தெய்வங்கள் எட்டிப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்கின்றன.

புத்தகம் நன்றாக விற்றது. “என்ன கசிவா, வேலைக்கா?” என்று தெருவில் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் சிரித்து வைத்தார். மகள் இறந்துபோன அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அவர் அழுததை ஒரே ஓர் ஆள்தான் பார்த்திருந்தான். தெரியாமல் கதவைத் தள்ளிய மைத்துனன்.

ஒரு நாள் காலை மைத்துனன் போனில் அலறினான். “அத்தான், ஓடி வாங்க! மாடியில பைப் வெடிச்சிருச்சு!”

போனார். சுவர் அலமாரிக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. காவியத்தின் இரண்டாம் பாகம் கையெழுத்தாக அதற்குள் இருந்தது. வேறு பிரதி இல்லை. மரம் ஊதிப்போய்க் கதவு அசையவில்லை. அவர் மெயின் வால்வில் ஸ்பேனரை மாட்டினார். திருப்பவில்லை.

“கசிவன் அழுவான்ல, அந்த இடத்தைச் சொல்லு.”

“இப்பவா? விளையாடாதீங்க அத்தான், மூடுங்க!”

“சொல்லு.”

அவர் முகத்தைப் பார்த்ததும் மைத்துனனுக்குப் புரிந்துவிட்டது. மனப்பாடமாக இருந்ததை ஒப்பித்தான்.

“கேக்கல. சத்தமா.”

மறுபடி சொன்னான். பாதியில் குரல் உடைந்தது. “தப்புதான் அத்தான். காலைப் புடிக்கிறேன்.”

“தப்பான்னு நான் கேட்டேனா? சிரிக்கிற இடம் இன்னும் வரலியே. அதையும் சொல்லு.”

அதையும் சொல்லி முடித்த பிறகே வால்வை மூடினார். கதவை உடைத்துப் பார்த்தபோது தாள்கள் மை கரைந்து கூழாகிக் கிடந்தன.

சாயங்காலம், தம்பி வீட்டுக்குப் போய்விட்டு மனைவி திரும்பி வந்தாள்.

“அப்பவே மூடியிருக்கலாமாமே?”

“ஆமா.”

“ஆறு வருஷமா எழுதினதுங்க.”

“தெரியும்.”

“அப்புறம் ஏன்?”

குளியலறை விஷயத்தைச் சொன்னார். “அதைப் படிச்சப்ப நானும்ல சிரிச்சேன்” என்றாள் அவள். தம்பியிடமிருந்து போன் வந்தது. அவள் எடுக்கவில்லை.

என்றாவது மனசு உறுத்தும் என்று அவர் எதிர்பார்த்தார். உறுத்தவில்லை. மைத்துனன் வீட்டில் இப்போது வேறு ஆள் குழாய் பார்க்கிறான்.