விமானிக்கு மட்டும் ஒத்தடம்

லிப்ட் மெக்கானிக்குக்குத் தன் மனைவியிடம் இருந்த ஒரே மனக்குறை, அவள் இன்னொருவனின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்ததுதான். அந்த இன்னொருவன் டிவி தொடரில் வரும் விமானி. இவளுக்கும் அவனுக்கும் நேரில் அறிமுகம் கிடையாது. ஆனால் அவனை வைத்துச் சொந்தமாகக் கதை கட்டி இணையத்தில் போடுவாள். ஒவ்வொரு கதையிலும் விமானி எங்கிருந்தாவது விழுவான். இல்லையென்றால் எதுவாவது அவன் மேல் விழும். பிறகு யாராவது அவன் தலைமாட்டில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக ஒத்தடம் கொடுப்பார்கள். படிப்பவர்கள் உருகி, இன்னும் கொஞ்சம் அடி போடச் சொல்லிக் கெஞ்சுவார்கள்.

மெக்கானிக்குக்குச் சளி பிடித்தபோது நடந்தது வேறு.

"மாத்திரை மேஜை மேல இருக்கு," என்றாள், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"தண்ணி?"

"குழாய்ல இருக்கு."

அவளைக் குறை சொல்லவும் முடியாது. மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவில் வேலை. பகலெல்லாம் விழுந்தவர்களைப் பிடித்து நடக்க வைத்துவிட்டு வருபவளுக்கு, வீட்டில் ஒரு மூக்கு ஒழுகுவது நோயாகவே படவில்லை.

"அந்த ஆளை உனக்குப் பிடிக்கும்தானே?" என்று கேட்டான் மெக்கானிக்.

"உயிர்."

"அப்புறம் ஏன் போன வாரம் மலையிலேருந்து தள்ளிவிட்டே?"

"பிடிக்காதவனை யாராவது மெனக்கெட்டு மலை வரைக்கும் கூட்டிட்டுப் போவாங்களா?"

ஓடாத லிப்டின் வரைபடத்தைப் பார்ப்பதுபோல அவளுடைய கதைகளை உட்கார்ந்து படித்தான். பழுது எங்கே என்று பிடிபட்டது. விமானி வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்வதே இல்லை. சுவரில் ஒரு கையை ஊன்றுவான். முகம் வெளுக்கும். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பான். அதை வேறொருவர் கண்டுபிடிக்க வேண்டும். அப்போதுதான் ஒத்தடம். இவனோ தும்மலுக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்கிற ஆள்.

வாய்ப்பு தானாக வந்தது. ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிப்டைப் பழுது பார்க்க நிறுத்தி வைத்திருந்தான். லிப்ட் ஓடாததால் படியில் இறங்க வேண்டியிருந்தது. கால் மடங்கி விழுந்தான். கணுக்காலில் ஏதோ 'களுக்' என்றது. வேறு யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள். இவன் புன்னகைத்தான்.

"அடி பட்டுச்சா அண்ணே?" என்று ஓடிவந்தார் வாட்ச்மேன்.

"ஒண்ணுமில்ல."

"அப்ப சரி," என்று அவர் போய்விட்டார். சகுனம் சரியில்லை என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் மாமியார் வந்திருந்தார். மகளின் கதைகளுக்கு முதல் வாசகி அவர்தான்.

"வாங்க மாப்பிள்ளை. விமானி இன்னும் கண்ணு முழிக்கலை. சாமிக்கு வேண்டிக்கிட்டிருக்கேன்."

மெக்கானிக் மெதுவாகச் சுவரில் கையை ஊன்றினான்.

"ஏங்க, சுவத்துல கை வைக்காதீங்க," என்றாள் மனைவி. "இப்பதான் பெயிண்ட் அடிச்சிருக்கு."

கையை எடுத்துக்கொண்டான். வலியில் முகம் வெளுத்தது. மாமியார் நிமிர்ந்து பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தான்.

"கொஞ்சம் கலராயிட்டீங்க மாப்பிள்ளை," என்றார்.

வேறு வழியில்லாமல் அவர்கள் கண்ணெதிரே குறுக்கும் நெடுக்கும் நடந்தான். கணுக்கால் புடலைங்காயிலிருந்து பூசணிக்காய்க்கு மாறிக்கொண்டிருந்தது.

"எதுக்கு இப்படி நடந்துக்கிட்டே இருக்கீங்க? கதை ஓட மாட்டேங்குது எனக்கு," என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

கதையைப் படித்துக்கொண்டிருந்த மாமியாரின் விரல் அந்தரத்தில் நின்றது. "என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல அத்தை."

மாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "அடியே! வெளுத்த மூஞ்சி, சுவத்துல கை, கேட்டா ஒண்ணுமில்ல! மாப்பிள்ளை எதையோ மறைக்கிறாருடி!"

போன் கீழே விழுந்தது. விமானியை மயக்கத்திலேயே விட்டுவிட்டு மனைவி தரையில் உட்கார்ந்து அவன் காலைப் பிடித்தாள்.

"எப்ப அடிபட்டுச்சு?"

"காலைல."

"காலைலேருந்து இதை வச்சுக்கிட்டா நடக்கறீங்க? மூளை இருக்கா உங்களுக்கு?" அவள் குரல் உடைந்தது. இந்த வசனம் எந்தக் கதையிலும் இல்லை. மெக்கானிக் முதல்முறையாகப் பயந்தான்.

எக்ஸ்ரேயில் விரிசல். கட்டுப் போட்டு வந்து படுக்க வைத்தார்கள். மாமியார் தலையணையை அடுக்க, மனைவி ஈரத்துணியால் அவன் நெற்றியைத் துடைத்தாள்.

"எனக்கு அடிபட்டது கால்ல."

"பேசாம படுங்க. நெத்தியைத் துடைச்சாத்தான் பார்க்க நல்லாயிருக்கும்."

கொஞ்ச நேரம் துடைத்துவிட்டு, துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வார்டுல நான் பிடிச்சு நிறுத்தறவங்க எழுந்து நடப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. விமானி எழுந்துடுவான். எழுதறது நான்தானே. அந்தத் தைரியத்துலதான் தள்ளிவிடறேன்."

"நான்?"

"உங்களை எழுதறது நான் இல்லையே. அதனாலதான் இன்னும் துடைச்சுக்கிட்டே இருக்கேன்."

அதன்பிறகு அவன் மகாராஜாதான். வெந்நீர் கேட்பதற்கு முன்பே வந்தது. கட்டைப் பிரித்தும் எழுந்திருக்க மனம் வரவில்லை. மாமியார்தான் கட்டிலருகே வந்து குனிந்து, அக்கறையோடு சொன்னார்: "மாப்பிள்ளை, இதுக்கு மேல இழுத்தா படிக்கறவங்க போயிடுவாங்க."

எழுந்தான். மனைவியின் தோளைப் பிடித்து ஓர் அடி வைத்தான். பிறகு பிடிக்காமல் ஓர் அடி. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாமியார் கைதட்டினார். அறையே நிறைந்துபோனது. இதற்காகத்தான் விமானி திரும்பத் திரும்ப விழுகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகும் இருவரும் அங்கிருந்து நகரவில்லை. அவர்களுடைய பார்வை மெல்ல, மிகுந்த பாசத்தோடு, அவனுடைய இன்னொரு காலுக்குப் போனது.