நடுத் தலைமுறைக்காரியின் குரல்

மூன்று தலைமுறைக் குடும்பக் கதையை ஒரே படத்தில் அடைத்தால் பார்க்கிறவர்களுக்குத் தலைகால் புரியாது என்று ஒலிப்பதிவாளர் ஆரம்பத்திலேயே சொன்னார். யார் கேட்டார்கள்? இப்போது வெளியீட்டுக்கு முன்னால் வெளியாட்களைக் கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு, இயக்குநர் திரைக்குக் கீழே நின்று கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தாத்தாவை விடப் பேரன்தான் கிழவனா தெரியுறான்," என்றார் ஒரு தையல்காரர்.

"நூறு வருஷக் கதைங்கறீங்க, வீட்டுச் சுவத்துல ஒரு கை அழுக்கு கூட இல்லையே? எங்க வீட்டை வந்து பாருங்க, வெள்ளையடிச்சு ஒரு வருஷம்கூட ஆகல," என்றார் இன்னொருவர்.

"இன்னொரு இடைவேளை விட்டிருக்கலாம் சார்," என்றது பின்வரிசை.

இயக்குநரின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. ஒலிப்பதிவாளர் எதையும் காதில் வாங்கவில்லை. அவருக்கு ஒரே ஒரு குரலைப் பற்றித்தான் கவலை.

படத்தில் ஒவ்வொரு தலைமுறையிலும் கணவன் வீடு திரும்பும்போது, உள்ளேயிருந்து மனைவி கேட்பாள்: "வந்துட்டீங்களா?" நடுத் தலைமுறை மனைவியாக நடித்தவருக்கு டப்பிங் பேச நேரமே கிடைக்கவில்லை. நடிகர் வரும்வரை கையில் கிடைத்த யாரையாவது பேசவைத்து இடத்தை நிரப்புவது இந்தத் தொழிலில் வழக்கம். அன்று மதியச் சாப்பாடு கொண்டுவந்த தன் மனைவியையே ஒலிப்பதிவாளர் பிடித்து மைக் முன்னால் நிறுத்தினார். இதென்ன கூத்து என்று சிரித்துக்கொண்டே அவளும் பேசினாள். அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனாள்.

நாளை நடிகை வருகிறார். அவர் பேசிவிட்டால் இந்தக் குரல் படத்திலிருந்து போய்விடும். வீட்டில் போட்டுக் கேட்க ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் தனியாகக் கேட்டால் அது இறந்தவளின் குரல். படத்தோடு கேட்டால் அவள் உள்ளே ஏதோ வேலையாக இருக்கிறாள்.

அப்போது ஒரு நர்ஸம்மா எழுந்தார். "அந்த நடுவுல வர்றவ ஒருத்திதான் நிஜமாவே குடும்பம் நடத்துனவ மாதிரி கேக்குறா. மத்த ரெண்டு பேரும் வசனம் பேசுறாங்க. ஆனா அந்த மனுஷன்! வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்? பதிலே சொல்லாம விடுவிடுன்னு உள்ள போறான். எழுந்து போய் ரெண்டு அறை விடலாமான்னு இருந்துச்சு."

கூட்டம் கைதட்டியது. ஒலிப்பதிவாளருக்கு அந்த இரண்டு அறையும் தன் கன்னத்திலேயே விழுந்தது. அவரும் அதே ஜாதி ஆள்தான். செருப்பைக் கழற்றுவார், பேப்பரை எடுப்பார், உட்காருவார். வந்ததுதான் கண்ணுக்குத் தெரிகிறதே, அதை வாயால் வேறு சொல்ல வேண்டுமா என்பது அவர் கட்சி.

எல்லோரும் போனதும் இயக்குநர் அவரை ஒலிப்பதிவு அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். "அந்தம்மா சொன்னது சரிதாண்ணே. அவன் முதுகுதானே தெரியுது, வாயசைவு பிரச்சனை இல்ல. 'வந்துட்டேன்'னு ஒரு பதில் போட்டுடலாம். இப்போதைக்கு நீங்களே பேசிடுங்க."

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் பொத்தானை அழுத்தினார். படத்துக்காக வெட்டிவைத்த துண்டை விட்டுவிட்டு, அன்று பதிவான முழுவதையும் ஓடவிட்டார். அவருக்கு எது எதென்று என்றைக்குத் தெரிந்தது?

"வந்துட்டீங்களா?"

ஒலிப்பதிவாளர் பழக்கத்தில் செருப்பைக் கழற்றினார். இயக்குநர் நிறுத்தினார்.

"என்னண்ணே, ஒரு வார்த்தைதானே?" மறுபடியும் ஓடவிட்டார்.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்ம்மா."

இந்த முறை பதிவு நிற்கவில்லை. "போதுமா?" என்று கேட்டுச் சிரித்தாள் அவள். "சரி, கை கழுவிட்டு வாங்க. சாப்பாடு ஆறுது."

இயக்குநருக்கு அப்போதுதான் உறைத்தது. "அண்ணே, இது அண்ணியா?"

அவர் தலையாட்டினார்.

இயக்குநர் பதிவை நிறுத்தினார். "நாளைக்கு அந்த நடிகையை வர வேண்டாம்னு சொல்லிடுறேன். ரெண்டு குரலும் இப்படியே இருக்கட்டும்."

ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு கை கழுவப் போனார்.